குழந்தைக்கு இதய வால்வு மாற்றம்: மெட்டலா, டிஷ்யூவா? பில்லில் வராத செலவு எது?

உங்கள் ஐந்து வயது மகளுக்கு இதய வால்வை மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா என்று உங்களிடமே கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. எல்லோருக்கும் வால்வு மாற்றம் தேவைப்படாது. முடிந்தவரை சொந்த வால்வையே சரிசெய்து ஓட்டத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். ஏன்னா, குழந்தை வளரும். பொருத்திய வால்வு வளராது.

மாடு, பன்றியின் திசுவில் செய்த டிஷ்யூ வால்வு, பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். குழந்தைகள் உடலில் அதில் கால்சியம் படிந்து சீக்கிரமே இறுகிவிடும். இன்னொரு ஆபரேஷன் கிட்டத்தட்ட உறுதி. ஆனாலும் நுரையீரலுக்குப் போகும் பாதையில் இதையே பெரும்பாலும் வைக்கிறார்கள். பின்னாளில் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பழைய வால்வுக்குள்ளேயே புதியதைப் பொருத்தவும் வாய்ப்பு உண்டு.

இதயத்தின் இடப்பக்கம் என்றால் கதை வேறு. அங்கே மெட்டல் வால்வு அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990-ல் முதல்முறை ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் தயாரிக்கும் அந்த வால்வு, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.

மெட்டல் சுலபத்தில் தேயாது. பதிலுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் காலம் முழுக்க விழுங்க வேண்டும். டோஸ் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும்; கூடினால் ரத்தக்கசிவு. அதனால் ஐஎன்ஆர் எனும் ரத்தப் பரிசோதனை. மாதம் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம்: 5 வயதிலிருந்து 18 வரை 156 முறை. பக்கத்தில் லேப் இல்லாத கிராமம் என்றால், 156 நாள் கூலி, 156 நாள் பள்ளி லீவு, பஸ் கட்டணம் தனி.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தருகிறது. டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவுக்கு 15 நாள்தான் கணக்கு. 156 பரிசோதனைகளும் உங்கள் பாக்கெட்டில்தான். என் பார்வையில், வால்வின் விலையைவிட இந்த ஓட்டைதான் பெரிய பிரச்சினை.

ராஸ் ஆபரேஷன் என்று ஒன்றும் இருக்கிறது. குழந்தையின் சொந்த நுரையீரல் வால்வை எடுத்து மகாதமனி வால்வின் இடத்தில் வைப்பார்கள். அது கூடவே வளரும், மாத்திரை வேண்டாம். ஆனால் ஒரு வால்வின் கோளாறுக்கு இரண்டு வால்வில் கை வைக்கிறோம். காலியான இடத்துக்குப் பெரும்பாலும் தானமாகக் கிடைத்த மனித வால்வு வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. கைதேர்ந்த சர்ஜனும் வேண்டும்.

மகளுக்கு மெட்டல் என்று முடிவானால் இன்னொன்றும் கேளுங்கள். வார்ஃபரின் வகை மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் சிசுவைப் பாதிக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று தோன்றும். வால்வைத் தேர்வு செய்யும் அன்றே பேச வேண்டிய விஷயம் அது.