பிடிஎப் இருக்கா மச்சி?

2022 செப்டம்பர் 30ஆம் தேதி மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படம் வெளியானது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதத்துக்குக் கல்லூரி வாட்சப் குழுக்களில் ஒரே கேள்விதான். "பிடிஎப் இருக்கா மச்சி?"

யாராவது ஒரு புண்ணியவான் அனுப்புவார். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஏதோ ஒரு சானலின் முத்திரை. நடுவில் பத்துப் பக்கம் காணோம். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. "போகுது போ, ஓசிதானே" என்று அதையும் பத்துப் பேருக்கு அனுப்பி வைப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கல்கி 1954 டிசம்பரில் காலமாகிவிட்டார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அது 2014ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. தமிழக அரசு அதற்கு முன்பே அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சடிக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகமும் சுத்தமான எழுத்தில் சும்மா கிடக்கிறது. கோயில் வாசலில் சுண்டலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கும்போது, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துத் திருடித் தின்ற கதைதான் இது. அதுவும் ஊசிப்போன சுண்டல்!

திருட்டு சரியா தப்பா என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்க்கலாம். முதல் பிரச்சினை, வாசல் எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியவில்லை என்பதுதான்.

உப்பிலியபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் புளியஞ்சோலை, அண்ணாந்து பார்த்தால் மலை, சுற்றிலும் வயல். எல்லாம் அழகுதான். ஆனால் ஒரு நல்ல நாவல் வாங்க வேண்டுமென்றால் துறையூர் போய், அங்கிருந்து திருச்சி பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலைக்கோட்டைப் பக்கம் கடை தேட வேண்டும். போக வர அரை நாள் காலி. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து எல்லோரும் கட்டத்தான் செய்கிறார்கள். ஆனாலும் சிறிய ஊர் நூலகங்களில் போட்டித் தேர்வு கைடு கிடைக்கிற வேகத்தில் இலக்கியம் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையனோ பெண்ணோ போனில் புத்தகம் தேடுவது சோம்பேறித்தனத்தால் அல்ல. அவர்களுக்கு இருக்கிற ஒரே கடைத்தெரு அதுதான்.

புத்தகத்துக்காக அலைவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815இல் திருச்சிக்குப் பக்கத்தில் அதவத்தூரில் பிறந்தவர். அவர் இளைஞராக இருந்தபோது திருச்சியில் ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டு, அந்த மனிதர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய், பணிவிடை செய்து பாடம் கேட்டாராம். ஆசிரியரைப் பற்றி உ.வே.சா. எழுதிய சரித்திரத்தில் இது வருகிறது. ஒரே ஒரு இலக்கண நூலுக்காக இத்தனை பாடு! இன்று அதே தண்டியலங்காரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு இருக்கிறது. பரதேசி யாரும் தேவையில்லை, அரை ஜிபி டேட்டா போதும்.

சரி, இதையெல்லாம் யார் போட்டு வைத்தார்கள்?

அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கியது பலருக்குத் தெரியும். தமிழில் அதற்கு இணையானது 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கினார். அவர் தமிழ்ப் பேராசிரியர் அல்ல, வேதியியல் விஞ்ஞானி. அமெரிக்காவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் கைகொடுத்தார். உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் பிழை பார்த்தார். அப்போது யூனிகோடு புழக்கத்துக்கு வரவில்லை. தளத்துக்குத் தளம் ஒரு எழுத்துரு. அது உங்கள் கணினியில் இல்லையென்றால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். முதலில் மயிலை எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று ஒவ்வொரு முறையும் எல்லா நூல்களையும் மாற்றினார்கள். மாற்றாமல் விட்ட எத்தனையோ தளங்கள் இன்று இருந்த இடம் தெரியவில்லை. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்துதான் போயின.

அரசுத் தரப்பில் 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். சங்க இலக்கியம் உரையோடு வேண்டுமா, அகராதி வேண்டுமா, அங்கே போகலாம். தளம் பழைய வீடு மாதிரிதான், எந்த அறை எங்கே இருக்கிறது என்று தெரிய நாலு நாள் ஆகும். ஆனால் உள்ளே சாமான் நிறைய. அவர்களுடைய இன்னொரு தளமான தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படமாக வருடப்பட்டு இருக்கின்றன.

படமாக இருப்பதற்கும் எழுத்தாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். படத்தில் தேட முடியாது. 'வந்தியத்தேவன்' என்று கூகுளாண்டவரிடம் கேட்டால் படத்துக்குள் இருக்கிற வந்தியத்தேவனை அவரால் சரியாகக் காட்ட முடியாது. போன் திரைக்கு ஏற்றபடி எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வெளியே ஓடும். பார்வை இல்லாதவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அங்கே ஊமையாகிவிடும். ஒரு நூல் முழுசாக இணையத்துக்கு வந்தது என்றால், அது எழுத்தாக வந்திருக்க வேண்டும்.

அந்த வேலை நடக்கிற இடம் தமிழ் விக்கிமூலம். சில ஆண்டுகளுக்கு முன் நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேற்பட்டவற்றின் வருடல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுவில் விட, அவை விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், அதை ஒட்டிக் கணினி படித்துக் கொடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு ஆள் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இரண்டாவது ஆளும் சரிபார்த்துவிட்டால் பச்சை. கணினி என்னென்ன கூத்து அடிக்கும் என்று பார்த்தால் சிரிப்பு வரும். துணைக்காலை 'ர' என்று படிக்கும். 'பாட்டு' என்பது 'பரட்டு' ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் இன்னும் மோசம். துதிக்கை வைத்த 'லை', 'னை' எல்லாம் அதற்குப் புரியாது. அதை உட்கார்ந்து திருத்த எம்.ஏ. தமிழ் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்து தெரிந்தால் போதும். உப்பிலியபுரத்தில் மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில் உட்கார்ந்தும் செய்யலாம்.

இப்போது திருட்டுக்கு வருவோம்.

திருச்சிக்காரர்களுக்கு சுஜாதா என்றால் சொந்தக்காரர் மாதிரி. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார், செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். கணினியையும் இணையத்தையும் தமிழ் வாசகர்களுக்கு எளிமையாகச் சொன்னதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 'அம்பலம்' என்ற இணைய இதழையே நடத்தியவர். குழுக்களில் அதிகம் சுற்றுகிற திருட்டுப் பிடிஎப்களில் முன்வரிசையில் இருப்பதும் அவருடைய புத்தகங்கள்தான். அவர் இறந்தது 2008 பிப்ரவரி 27. நாட்டுடைமை ஏதும் ஆகாத பட்சத்தில் 2068 டிசம்பர் 31 வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. காமர்ஸ் படிப்பவர்கள் 'கண்ணுக்குத் தெரியாத சொத்து' என்று அக்கவுண்ட்ஸ் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்களே, அது இதுதான். கட்டடம், இயந்திரம் மாதிரியே பதிப்புரிமையும் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் வரும்.

"அவர்தான் இல்லையே, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம். சரி, உயிரோடு இருக்கிறவர் கணக்கைப் பாருங்கள். 200 ரூபாய் புத்தகம். வழக்கமான 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 1,000 பிரதி விற்றால் 20,000 ரூபாய். அந்த ஆயிரம் விற்க இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். நாவல் எழுதியதற்கு ஆன வருஷங்கள் தனி. இந்த லட்சணத்தில் ஒரு கோப்பு ஐந்நூறு பேர் உள்ள குழுவுக்குப் போனால், அதில் ஐம்பது பேர் வாங்கியிருக்கக் கூடியவர்கள் என்றாலும் 1,000 ரூபாய் போச்சு. தொகை சின்னதுதான். ஆனால் 20,000த்தில் 1,000 என்பது 5 சதவீதம். குழு ஒன்று மட்டுமா இருக்கிறது?

அதற்காக 'காசு இல்லாதவன் படிக்காதே' என்று சொல்வதும் அநியாயம். சொல்லவும் தேவையில்லை, ஏனென்றால் உயிரோடு இருப்பவர்களே நிறையக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 1999இல் தொடங்கிய திண்ணை, 2009இல் தொடங்கிய சொல்வனம் போன்ற இணைய இதழ்களில் கதையும் கட்டுரையும் இலவசம். ஜெயமோகன் தன் தளத்தில் போட்டிருப்பதைப் படித்து முடிக்க ஒரு டிகிரி படிக்கிற காலம் பத்தாது. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே அனுமதி கொடுத்த மின்னூல்கள் போனுக்கு ஏற்ற இபப் வடிவத்தில் கிடைக்கின்றன. சிறுகதை மட்டும் போதும் என்றால் 'அழியாச் சுடர்கள்' பக்கத்தில் புதுமைப்பித்தனில் தொடங்கிப் பெரிய பெரிய ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட புதுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் கிண்டில் இருக்கிறது. 2016 இறுதியிலிருந்து அதில் தமிழும் உண்டு. மின்னூல் பல சமயம் அச்சுப் புத்தகத்தைவிட மலிவு. ஒரு பிரியாணியைத் தியாகம் செய்தால் வேலை முடிந்தது.

ஈழத்து நூலகம் தளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். அதில் வேறு பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. அந்த வடு ஆறாத ஒரு சமூகத்தில், 2005இல் தன்னார்வலர்கள் நூலகம் தளத்தைத் தொடங்கினார்கள். இலக்கியம் மட்டும் இல்லை. பத்திரிகை, பள்ளி மலர், கோயில் மலர், நினைவு மலர் என்று கையில் கிடைத்த அச்சுக் காகிதத்தை எல்லாம் வருடி ஏற்றுகிறார்கள். "கோயில் கும்பாபிஷேக மலரை யார் படிக்கப் போகிறார்கள்?" என்று நமக்குத் தோன்றும். ஒருமுறை மொத்தமாக எரிந்துபோன ஊர்க்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

திருச்சி மாவட்டத்திலும் இப்படி எத்தனையோ காகிதம் இருக்கும். பள்ளி ஆண்டு மலர்கள், ஊர்க்கோயில் தலபுராணம், தாத்தா பரணில் கட்டி வைத்த பழைய இதழ்கள். கரையான் ஒரு பக்கமும் பழைய பேப்பர்க்காரர் ஒரு பக்கமுமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரணில் இருக்கிறவர்கள் கிலோவுக்குப் போடுவதற்கு முன்னால் விக்கிமூலத்திலும் தமிழ் மின்னூலகத்திலும் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்க்கலாம்.

தேடும்போது ஒரு விஷயம். நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துப் பக்கத்தில் 'பிடிஎப்' என்று சேர்த்தால், திருட்டுக் கடைகள்தான் முதலில் வந்து நிற்கும். பெயரைத் தமிழிலேயே அடித்து, கூடவே 'மதுரைத் திட்டம்' என்றோ 'விக்கிமூலம்' என்றோ சேர்த்துப் பாருங்கள்.