பேர் கேட்காத நாம்

கோவிலம்பாக்கத்து அடுக்ககங்களில் குடியிருக்கும் நம்மில் யாருடைய கைபேசியை எடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்: 'பிளம்பர் மேடவாக்கம்', 'ஏசி புது ஆள்', 'தண்ணி லாரி 2', 'கார்பென்டர் கீழ்க்கட்டளை'. குழாய் ஒழுகும்போது பேர் கேட்க நேரமில்லை. ஒழுகல் நின்ற பிறகு கேட்கத் தோன்றவில்லை. கேட் நோட்டில் 'பெயர்' என்ற கட்டத்தில் 'தண்ணி லாரி' என்று எழுதியிருக்கும். எழுதியவர் பேரும் நமக்குத் தெரியாது, அவர் 'வாட்ச்மேன்'.

தொழில் பேரோடு ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்மித், ஜெர்மனியின் ஷ்மிட், அரபு நாட்டு ஹத்தாத் மூவருமே கொல்லர்கள். பார்சிகளில் நாரி கான்ட்ராக்டரும் ஃபரூக் இன்ஜினியரும் இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடினார்கள். நம் பழைய புலவர்களிடமும் இருந்தது. மணிமேகலை தந்தவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானிய வியாபாரி. அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் தட்டார். தொழில் முன்னால் நின்றது, பின்னாலேயே பேரும் வந்தது. வெண்ணிக் குயத்தியார் ஒருவர் விஷயத்தில்தான் மனம் கனக்கிறது. போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்று, உண்ணாமல் வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் என்று பாடியவர் அவர். ஊர் தெரிகிறது, மண் பிசைந்த குலம் தெரிகிறது, அவருடைய சொந்தப் பேர் நமக்குக் கிடைக்கவில்லை. அன்றும் யாரோ கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

நம் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தலைமை தாங்கிய சவுந்தரபாண்டியனும் தன் பட்டத்தை விட்டார். அதன் பலனை அனுபவிப்பவர்கள் நாம். இனிஷியலும் பேரும் போதும் நமக்கு. அப்பா என்ன தொழில் செய்தார் என்று நம் பேரை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சுதந்திரத்தை நமக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். நம் வாசலுக்கு வருகிறவருக்குத் தொழிலையே பட்டமாகக் கட்டிவிட்டோம். அவருடைய பேரையும் எடுத்துக்கொண்டோம்.

வடக்கிலிருந்து வந்தவரானால் இன்னும் சுலபம், எல்லோரும் 'பையா'. ரேடியல் ரோடு பக்கம் எழும்பும் கட்டடங்களில் கதவு, ஜன்னல் பொருத்தும் பீகார்த் தச்சர்கள் பலர் சர்மா, விஸ்வகர்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள். சர்மா என்றதும் இங்கே நாம் நினைத்துக்கொள்வது வேறு. அவர்கள் ஊரில் அது உளி பிடிக்கும் குடும்பத்தின் பேருமாகும். பக்கத்தில் நின்று ஒரு டீ குடித்திருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வீட்டுக்குள் நடப்பது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு நம் பிள்ளையின் பரீட்சைத் தேதி தெரியும், மாமியார் எந்த மாத்திரையை எப்போது போடுவார் என்று தெரியும். அவருடைய இனிஷியல் என்னவென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துவிட்டீர்களா என்று கேட்க நமக்கு ஒரு நிமிஷம் ஆகாது. தீபாவளிக்குப் புடவை கொடுத்ததோடு கடமை முடிந்ததாக இருந்துவிட்டோம்.

இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம். அடுத்த தடவை குழாய் ரிப்பேருக்கு வருகிறவரிடம், "அண்ணே, உங்க பேர் என்ன? எந்த ஊரு?" என்று கேட்டு, அந்தப் பேரிலேயே நம்பரைச் சேமிப்போம். தொழிலைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். குடியிருப்போர் சங்க நோட்டீஸ் போர்டில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், காவலாளி என்று ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டு, இனிஷியலோடு முழுப் பேர்களை எழுதி ஒட்டுவோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம், வாருங்கள்.