‘அம்மா சமையலை மிஸ் பண்றேன்’னு ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி

பிளேஸ்மென்ட் முடிஞ்ச நாள்ல இருந்து நம்ம ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்புகளில் ரெண்டே ரெண்டு கேள்விதான் ஓடுது. பெங்களூரா, சென்னையா? பிஜியா, நாலு பேர் சேர்ந்து ஃபிளாட்டா? மூணாவதா ஒரு கேள்வி இருக்கு, அதை யாரும் கேட்கிறதில்லை. அங்கே போய் என்ன சாப்பிடப் போறோம்?

கேட்டா, “ஆர்டர் பண்ணிக்கலாம்டா” என்று பதில் வரும். நம்ம சீனியர்களும் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க. ஆறு மாசம் கழிச்சு அவங்க ஸ்டேட்டஸைப் பாருங்க. வாழை இலையில் சாதம், மேலே ஒரு ஹார்ட், கீழே ‘மிஸ்ஸிங் அம்மா சமையல்’. அந்த ஏக்கம் பொய்யுன்னு நான் சொல்லலை. ஆனா அது பாதி உண்மைதான். நாம மிஸ் பண்றது சாப்பாட்டை மட்டும் இல்லை. நமக்காக இன்னொருத்தர் அடுப்படியில் நின்ன நேரத்தையும் சேர்த்துத்தான் மிஸ் பண்றோம். அந்தப் பாதியைப் புரிஞ்சுக்க ஒரே வழி, டிகிரி வாங்கறதுக்குள்ள வீட்டுச் சாப்பாடு ஒண்ணையாவது முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நம்ம கையால செஞ்சு பார்க்கிறது. பாத்திரம் கழுவறது வரைக்கும்.

எங்க ஊர் ஜேடர்பாளையம். வெளியூர்க்காரங்களுக்கு ஜேடர்பாளையம்னா காவிரி அணைக்கட்டு, குளியல், அப்புறம் வாழை இலையில் வர்ற மீன் வறுவல். ஞாயிற்றுக்கிழமை ஆனா நாமக்கல், ஈரோடு, கரூர்னு எல்லாப் பக்கமிருந்தும் வண்டிகள் வந்துடும். மீன் வறுவல் பிரமாதம்தான், மறுக்கலை. ஆனா அந்த அணைக்கட்டில் இருந்து பிரியற ராஜவாய்க்காலை ஒட்டி இருக்கிற வீடுகளில், உடம்பு அலுத்துப் போன ராத்திரி யாரும் மீன் வறுக்கிறதில்லை. அன்னைக்கு அடுப்புல ஏறுறது அரிசிம்பருப்பு சாதம். காய்ச்சல்ல இருந்து எழுந்தவனுக்கும் அதுதான், பரீட்சை சரியா எழுதலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு வந்தவனுக்கும் அதுதான்.

கொங்கு நாட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட துவரம்பருப்பு. ரெண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊற வைங்க. குக்கரில் கடலெண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், தட்டின மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, ரெண்டு கை சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் வதக்கணும். ஒரு சின்னத் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, மூணு டம்ளர் தண்ணி. தண்ணி கொதிச்சதும் ஊறின அரிசி பருப்பு. மூணு விசில். பிரஷர் தானா அடங்கினதும் திறந்து மேலே நெய். தொட்டுக்கத் தயிரும் அப்பளமும் போதும். வெங்காயம் உரிக்கிறதில் இருந்து எண்ணினாலும் ஒரு மணி நேரம் ஆகாது.

இதில் நாம படிச்சது எல்லாம் இருக்கு. குக்கர் வெயிட் உள்ளே அழுத்தத்தைக் கிட்டத்தட்ட வளிமண்டல அழுத்தத்தின் ரெண்டு மடங்காக்குது, அதனால தண்ணி 100 டிகிரியில் கொதிக்காம 120 டிகிரி வரைக்கும் போகுது, பருப்பு சீக்கிரம் வேகுது. தக்காளியை அள்ளிப் போட்டா பருப்பு வேக முரண்டு பிடிக்கும், ஏன்னா புளிப்பு பருப்பை இளக விடாது. பழைய அரிசி தண்ணியை அதிகம் இழுக்கும், புது அரிசிக்கு அதே தண்ணி ஊத்தினா குழைஞ்சிடும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் அரியர் வெச்சவன்கூட இதை ரெண்டு தடவை செஞ்சா பிடிச்சுக்கலாம்.

இது சுலபமான உதாரணம். இப்போ கஷ்டமானதுக்கு வருவோம், சந்தகை. புழுங்கலரிசியை மூணு நாலு மணி நேரம் ஊற வெச்சு, நைஸா ஆட்டி, இட்லி மாதிரி ஊத்தி வேக வெச்சு, சூடு ஆறதுக்குள்ள அச்சில் போட்டு அழுத்தினா நூல் நூலா இறங்கும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊத்திச் சாப்பிட்டா அதுக்கு மேல ஒரு சுகம் கிடையாது. சூடு ஏன் முக்கியம்? வெந்த மாவில் இருக்கிற ஸ்டார்ச், ஆற ஆற மறுபடி இறுகும். ஆறிப்போன உருண்டையை அச்சில் வெச்சு அழுத்தினா அச்சு வளையும், மாவு இறங்காது. அதனாலதான் இட்லிச் சட்டியில் இருந்து எடுத்த கையோட பிழியணும், ஆவியில் விரல் பொத்துப் போனாலும்.

சந்தகை பிழியற அன்னைக்கு வீட்டில் நடக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? அச்சை அழுத்த தெம்பு வேணும்னு கடைசிப் பத்து நிமிஷத்துக்கு நம்மளை மாதிரிப் பசங்களைக் கூப்பிடுவாங்க. வந்து, பனியனோட நின்னு, நாலு அழுத்து அழுத்திட்டு, “நான்தான் சந்தகை பிழிஞ்சேன்”னு ஊருக்கே சொல்லுவோம். அரிசி ஊற வெச்சது, ஆட்டினது, வேக வெச்சது, தேங்காய் துருவி முதல் பால் ரெண்டாம் பால்னு பிரிச்சு எடுத்தது, கடைசியில் அச்சோட ஓட்டைகளில் காய்ஞ்சு ஒட்டின மாவை ஊற வெச்சுக் கழுவினது, இதெல்லாம் யார் கணக்கிலும் வராது. ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் வைவா அன்னைக்கு மட்டும் வந்து நிக்கிற டீம் மேட்டைப் பத்தி நாம என்னவெல்லாம் பேசுவோம்? சமையலறையில் அந்த டீம் மேட் நாமதான்.

இது என் வீட்டுக் கதை, உங்க வீட்டுக் கதைன்னு சுருக்க வேண்டாம். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒண்ணு நடத்துச்சு. ஆறு வயசுக்கு மேற்பட்டவர்களில், சமையல், துவைக்கிறது மாதிரி சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடற பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபடறவங்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். 299 நிமிஷம்னா அஞ்சு மணி நேரம். நம்ம காலேஜில் 50 நிமிஷ கிளாஸ் ஆறு. லீவே இல்லாம, அட்டென்டன்ஸும் போடாம, வருஷம் பூரா.

அதனாலதான் ‘அந்தக் காலத்துல எல்லாம் ஆட்டுக்கல்லுல ஆட்டி, அம்மியில அரைச்சு, என்ன ருசி’ என்று ஆரம்பிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும். அப்படிப் பேசறவங்களில் பெரும்பாலானோர் ஆட்டுக்கல் குழவியைப் பிடிச்சதே இல்லை. பிடிச்ச எங்க அம்மாயி ஒரு நாளும் அதை நினைச்சு ஏங்கினதில்லை. கிரைண்டர் வந்த அன்னைக்கு அதுக்குப் பொட்டு வெச்சாங்க. கோயம்புத்தூரில் 1955 வாக்கில் பி. சபாபதி மாவாட்டும் கல்லை மோட்டாரோட இணைச்சாரே, அந்த வெட் கிரைண்டர் தமிழ்நாட்டுப் பெண்களின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் செஞ்ச உதவி கொஞ்சநஞ்சமில்லை. பின்னாடி அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. நம்ம துறையில் ஒருத்தர் செஞ்ச வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆக, ‘முதல்ல இருந்து செய்யறது’ன்னா ஆட்டுக்கல்லுக்குத் திரும்பறதுன்னு அர்த்தம் இல்லை. கிரைண்டர் போடுங்க, மிக்ஸி போடுங்க. வேலைக்குப் போற அம்மா கடையில் பாக்கெட் மாவு வாங்கினா அதை ஒரு குறையாச் சொல்லாதீங்க. தெருவில் மாவு அரைச்சு விக்கிற அக்காவுக்கு அது பிழைப்பு. ‘வீட்டுல ஆட்டின மாவுதான் நல்லா பொங்கும்’னு சொல்ல ஆசையா இருக்கா? தாராளமாச் சொல்லலாம். ஆனா ராத்திரி உளுந்து ஊற வெச்சு, ஆட்டி, கல்லைக் கழுவி, மறுநாள் காலையில் எழுந்து ஊத்தறவங்களுக்குத்தான் அதைச் சொல்ற உரிமை. சாப்பிட்டு எழுந்து போறவங்களுக்கு இல்லை. என் வாதம் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

இதுக்கு வர்ற எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். முதல் எதிர்ப்பு, “எல்லாம் யூடியூபில் இருக்கு, தேவைப்படும்போது பார்த்துக்கலாம்.” இருக்கு. ஆனா யூடியூப் அக்காவோட அரிசி வேற, உங்க வீட்டு அரிசி வேற. அவங்க குக்கர் வேற, உங்க குக்கரோட தேய்ஞ்சு போன கேஸ்கட் வேற. உங்க நாக்குக்குப் பழகின ருசி ஒரே ஒருத்தர் கையில் இருக்கு, அது எங்கேயும் எழுதி வைக்கப்படலை. “எவ்வளவு தண்ணிம்மா?” என்று கேட்டா “கை முங்கற அளவு கண்ணு” என்று பதில் வரும். “எவ்வளவு நேரம்?” “வாசம் வர்ற வரைக்கும்.” நாம இன்ஜினியர்கள்தானே? பக்கத்தில் ஒரு டம்ளரும் நோட்டும் வெச்சுக்கிட்டு நில்லுங்க. அவங்க கை போடறதுக்கு முன்னாடி டம்ளரில் அளந்து எழுதுங்க. அடுத்த வாரம் அந்த அளவை வெச்சு நீங்க செய்யுங்க, அவங்க ருசி பார்த்துச் சொல்லட்டும். லேபில் கேலிபிரேஷன்னு மார்க் வாங்கினோமே, அதேதான்.

ரெண்டாவது எதிர்ப்பு, “வேலைக்குப் போனா நேரம் எங்கே?” தினமும் செய்யச் சொல்லலை. வாரத்துக்கு ஒரு நாள். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஆப்பைத் திறந்து, எதை ஆர்டர் பண்றதுன்னு தள்ளித் தள்ளிப் பார்த்து, அது வந்து சேர ஆகிற நேரத்தில் அரிசிம்பருப்பு ரெண்டு விசில் வந்திருக்கும்.

மூணாவது எதிர்ப்பு நியாயமானது. அது நம்ம கிளாஸ் பெண்களிடமிருந்து வரும். “எங்களைச் சின்ன வயசுல இருந்தே அடுப்படிக்குத் தள்ளறாங்க, இதுல நீ வேற கட்டுரை எழுதறியா?” உங்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை. ‘கட்டிக்கப் போற வீட்டுல என்ன சொல்லுவாங்க’ன்னு பயமுறுத்திச் சமையல் சொல்லித்தர்றதுக்கும், பசிச்சா தனக்குத் தானே ஒரு வேளை சமைச்சுக்கத் தெரியணும்னு சொல்றதுக்கும் நடுவுல காவிரி அளவு இடைவெளி இருக்கு. ரெண்டாவதைச் சொல்ல வேண்டியது எங்களை மாதிரிப் பசங்ககிட்டத்தான்.

செஞ்சு பார்த்தா இன்னொரு லாபமும் இருக்கு. வாங்கத் தெரியும். எங்க பக்கத்தில் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தை இருக்கு. சுத்துப்பட்டு ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சற உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் அங்கே 30 கிலோ சிப்பமா ஏலம் போகும். வெல்லத்தில் சர்க்கரையைக் கலக்கிறது, நிறம் தூக்கலாத் தெரிய கெமிக்கல் போடறது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டுப் பறிமுதல் செய்யற செய்தி நாமக்கல், சேலம் பக்கம் அடிக்கடி வரும். ஏன் கலக்கிறாங்க? பளபளன்னு மஞ்சளா இருக்கிற வெல்லத்தைத்தான் கடையில் கேட்கிறாங்க. கேட்கிறது நாம. தேங்காய்ப்பாலுக்கு வெல்லம் கரைச்சுப் பழகினவங்க, கொஞ்சம் கருத்த, அழகில்லாத உருண்டையைத் தேடி எடுப்பாங்க. செய்யத் தெரிஞ்ச ஆள் கடைக்காரர் முன்னாடி ஏமாறறது குறைவு.

இப்போ நடைமுறைக்கு வருவோம். ஹாஸ்டல் ரூமில் இண்டக்ஷன் ஸ்டவ் வெச்சு மாட்டிக்காதீங்க, அதை நான் சொல்லலை. கடைசி செமஸ்டர் ஸ்டடி லீவில் எப்படியும் வீட்டுக்குத்தான் போறோம். அதில் மூணு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கோங்க. முதல் வாரம் பக்கத்தில் நின்னு அளந்து எழுதுங்க. ரெண்டாம் வாரம் அவங்க மேற்பார்வையில் நீங்க செய்யுங்க. மூணாம் வாரம் அவங்களை அடுப்படிப் பக்கமே வர விடாதீங்க. அரிசிம்பருப்பு உங்க வீட்டு உணவு இல்லைன்னா பரவாயில்லை. மதுரைக்காரங்களுக்கு வேற ஒண்ணு இருக்கும், தஞ்சாவூர்க்காரங்களுக்கு வேற ஒண்ணு. ரசம் சாதமா, வத்தக்குழம்பா, கேப்பைக் களியா, எதுவானாலும் சரி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ உங்க வீட்டில் எதைச் செஞ்சாங்களோ, அதில் ஆரம்பிங்க.

மூணாம் வாரம் செஞ்சு முடிச்சதும் ஃபோட்டோ எடுக்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, அம்மாவை உட்கார வெச்சு முதல் தட்டு அவங்களுக்குப் பரிமாறுங்க. உப்பு குறைஞ்சிருந்தா அவங்களே சொல்லுவாங்க. குக்கரைக் கழுவி வெச்சுட்டு அப்புறம் ஸ்டேட்டஸ் போட்டுக்கலாம்.