ஓடும் பிள்ளைகளுக்கு வண்டிப்பாதை வேண்டும்

காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் கிராமத்து இளைஞர்கள் விடியுமுன்பே எழுந்து ஓடிப் பழகுகிறார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டுமே! ஆனால் ஓடுவது எங்கே? பெரும்பாலும் தார்ச்சாலை ஓரத்தில்தான். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஓடுகிறவர் தெரிவதில்லை.

வரப்பில் ஓடலாமே என்பார்கள் சிலர். அது சரியல்ல. நெல் வயல் வரப்பு தண்ணீரைத் தேக்கப் போட்டது. ஈரத்தில் தினமும் மிதித்தால் சரிந்து, கட்டிய தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும், பிறகு சண்டைதான். எலி வளையில் கால் புதையும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் வரும். மருந்தடித்த வயலோரம் மூச்சிரைக்க ஓடுவதும் ஆகாது.

உகந்த இடம் பழைய வண்டிப்பாதையே. ஆனால் இருபக்கத்து நிலக்காரர்களும் பட்டத்துக்குப் பட்டம் ஒரு சாண் வெட்டிச் சேர்த்ததில், பல ஊர்களில் அது ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. நஷ்டம் பிள்ளைகளுக்கு மட்டுமா? அறுவடை இயந்திரம் போக வழியின்றி, முன்வயல்காரர் அறுக்கும் வரை முற்றிய கதிரைப் பார்த்துக்கொண்டு நிற்பவரும் அதே நிலக்காரர்தான்!

புறம்போக்காகப் பதிவான பாதை எங்கே போகிறது, எவ்வளவு அகலம் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தில் பார்க்கலாம். ஜனவரி 26 கிராம சபையில் கேட்டு வைத்தால், சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகக் கிடக்கும் மாசி, பங்குனியில் அளந்து கல் நடலாம். ஓரத்து வேலிக்கருவையை அப்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். மேலாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.