பளபளப்பை நம்பாதீர்கள்

மாணவர்களே, பத்து பாகாட் ஆற்று முகத்துவாரத்தில் நிற்கும் மீன்பிடிப் படகானாலும், கோடி வெள்ளி சொகுசுப் படகானாலும் மிதப்பது அதே உப்பு நீரில்தான். ஆனால், புதிய படகுக்கு ஆர்டர் கொடுப்பவர்களில் பலர் மெத்தையையும் வண்ணத்தையும் பார்க்கிறார்களே தவிர, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வு எந்த உலோகம் என்று கேட்பதில்லை.

சாதாரணப் பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீரில் துத்தநாகம் மெல்லக் கரைந்துவிடும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த, வலுவிழந்த செம்பு. வால்வின் வடிவம் அப்படியே இருக்கும். ஒரு நாள் திருகும்போது உடைந்து, தண்ணீர் உள்ளே புகும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. விலை கூடத்தான், படகே மூழ்கினால் ஏற்படும் இழப்பை நினைத்துப் பாருங்கள்!

ஆகவே, ‘நல்ல வால்வு’ என்று எழுதினால் போதாது. ‘வெண்கல வால்வு’ என்றே ஆர்டரில் எழுத வேண்டும். படிவம் நான்கில் நீங்கள் படிக்கும் உலோகக் கலவைப் பாடம் தேர்வுக்கு மட்டுமல்ல, உயிர் காக்கவும்தான்.