யந்திரமும் நாமும்: கொதிக்கும் ஜீப்பு

கோடை பிறந்தால் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வண்டி கொதிக்கிறதே, பெரிய ரேடியேட்டராக மாற்றிவிடலாமா?" ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் எனக்கு யந்திரப் படிப்பு கிடையாது, பள்ளி இறுதித் தேர்வோடு சரி. ஆயினும் எங்கள் குடும்பம் பணத்தையும் ஒரு பையனின் கைத்தோலையும் கொடுத்து இதனைத் தெரிந்துகொண்டபடியால், எழுதத் துணிகிறேன்.

என் மைத்துனர் சித்தூருக்கு அப்பால் மாந்தோப்புக் குத்தகை எடுத்திருக்கிறார். தோத்தாபுரி எனும் கிளிமூக்கு மாங்காயைத் தோப்பினுள்ளிருந்து தார்ச்சாலை வரை கொண்டு சேர்ப்பது அவருடைய பழைய மகிந்திரா ஜீப்பு. பாதையோ மேடும் பள்ளமும் மணலும்; முதல் கியரில் ஊர்ந்துதான் வரவேண்டும். காய் இறங்கும் ஆனி மாதத்தில் நாளுக்கு இருமுறை கொதித்தது. "ரேடியேட்டர்தான் சிறியது, மாப்பிள்ளை. பெரியதைப் போட்டால் தீர்ந்தது" என்றார். பட்டறையில் இரண்டு வரிசைக் குழாய் ரேடியேட்டரைக் கழற்றி மூன்று வரிசை உள்ளதைப் பொருத்தினார்கள். கூடவே "இது எதற்கு?" என்று தெர்மோஸ்டாட்டையும் பிடுங்கி எறிந்தார்கள். செலவு என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறைவில்லை.

அந்த நம்பிக்கையில் குடும்பத்தோடு திருமலைக்குப் புறப்பட்டோம். 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு. ஏறுவது இரண்டாவது பாதையில். ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் 700 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். பாதி வழியில் ஆவி பீறிட்டது. மைத்துனரின் மகன், 17 வயதுப் பிள்ளை, துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினான். முழங்கை வரை வெந்துபோயிற்று. யாரோ பற்பசை தடவ ஓடிவந்தார்கள். என் மனைவி அவர்களை விலக்கிவிட்டு, கொண்டு வந்த குடிநீரையெல்லாம் அவன் கையில் விடாமல் ஊற்றினாள். அதுவே சரியென்று வைத்தியர் பின்னர் சொன்னார்.

அந்த மூடியின் கதை தெரிந்திருந்தால் அவன் தொட்டிருக்கமாட்டான். அது வெறும் மூடியன்று; உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் கருவி. திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மலை உச்சியில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி 1 பார் அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்துவைத்தாலோ 120 டிகிரி வரை கொதிக்காது. அந்நிலையில் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், நீர் அக்கணமே ஆவியாகச் சீறும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகன்றி மூடியில் கை வைக்கலாகாது. எங்கள் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததால், பிடிக்கவேண்டிய அழுத்தத்தையும் அது முழுதாகப் பிடிக்கவில்லை.

குற்றத்தைக் கண்டுபிடித்தவர் நீராவி எஞ்சின் காலத்தில் லோகோ ஷெட்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ரேடியேட்டரை அவர் பார்க்கவேயில்லை. முதலில் விசிறியைப் பார்த்தார். விசிறியைச் சூழ்ந்திருக்கவேண்டிய தகரக் கூடு, பட்டறையில் 'ஷ்ரவுடு' என்பார்களே, அது இல்லை. எப்போதோ பழுதுபார்த்தபோது கழற்றியதைத் திரும்ப மாட்டவில்லை. கூடு இன்றேல் விசிறி ரேடியேட்டர் வழியே காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் வேகமே காற்றைத் தருவதால் இக்குறை தெரியாது. தோப்பிலும் மலையேற்றத்திலும் விசிறியை விட்டால் வேறு கதியில்லை. மூன்று வரிசை ரேடியேட்டர் கனமானது. காற்று அதனுள் நுழைவது இன்னும் கடினம். பணம் கொடுத்து நோயை வளர்த்திருக்கிறோம்!

தெர்மோஸ்டாட்டை எடுத்ததும் பிழையே. பல எஞ்சின்களில் அது திறக்கும்போது குறுக்குவழிக் குழாயையும் அடைக்கும். அது இல்லாவிடில் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

மேல்நாடுகளில் இருவர் அருகருகே அமர்ந்து சேற்றிலும் மணலிலும் ஓட்டும் சிறு வண்டிகள் உண்டு. முன்புறம் தாழ்வாக உள்ள ரேடியேட்டரைச் சேறு அடைத்துவிடுவதால், அதனைக் கழற்றி உயரத்தில் மாட்டுவோர் அங்கே பலர். அங்கும் பிரச்சினை காற்றே. எங்கள் ஜீப்பின் தகடுகளிடையே பூச்சியும் புல்விதையும் களிமண்ணும் அப்பியிருந்தன. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீர் விட்டுக் கழுவவேண்டும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிப்போகும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் எஞ்சினுள் படிந்து வெப்பத்தை வெளிவிடாது. "இந்தத் தண்ணீரைக் கொதிகலனில் விட்டிருந்தால் என் வேலை போயிருக்கும்" என்றார் பெரியவர். வாலைவடித்த நீரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றினோம். கூலண்டு தனி நீரைவிடச் சற்றுக் குறைவாகவே வெப்பத்தை ஏந்தும். ஆனால் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். கிளைக்கால் வகைக் கூலண்டு இனிப்பான விஷம். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.

கூடு, மூடி, தெர்மோஸ்டாட், கழுவல், நீர் எல்லாம் சேர்ந்தும் ரேடியேட்டர் விலையில் ஒரு பங்குதான் ஆயிற்று. இவ்வாண்டு காய் இறக்கம் முழுவதும் ஜீப்பு கொதிக்கவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் நீர் பார்ப்பது இப்போது பையனின் பொறுப்பு. கையில் தழும்பு இருக்கிறது. பழைய இரண்டு வரிசை ரேடியேட்டர் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. அதுவே போதுமாயிருந்திருக்கும் என்று பெரியவர் சொன்னதை என் மைத்துனர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.