விளக்குக்கு அஞ்சியா விண்ணுக்குப் போனார்கள்?

தொலைநோக்கியை ஏன் விண்வெளிக்கு அனுப்புகிறார்கள்? கோலாலம்பூரில் இப்படிக் கேட்டால், நகரத்து வெளிச்சத்துக்குத் தப்பித்தான் என்று பதில் வருவது இயல்பு. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் ஓரம் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வேறென்ன தோன்றும்? கேஎல் சென்ட்ரல் கட்டடங்களின் வெளிச்சம் மேகத்தில் பட்டு வானமே வெளுத்துக் கிடக்கிறது. ஆனாலும் அந்தப் பதில் தவறு. நம் வானத்தை நாமே மீட்க முடியும் என்பதையும் அந்தத் தவறு மறைத்துவிடுகிறது.

வெளிச்சத்துக்குத் தப்ப மலையேறினால் போதும். சிலியின் அட்டகாமா பாலைவனமும் ஹவாயின் மௌனா கியா சிகரமும் அதற்கு இருக்கின்றன. எங்கே ஏறினாலும் தப்ப முடியாதது காற்று. கடல் மட்டத்தில் நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை, ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அது முழுதாக விழுங்கிவிடும். புற ஊதாக் கதிரில் பெரும்பங்கை ஓசோன் தடுக்கிறது; அகச்சிவப்பில் பெரும்பங்கு நீராவியில் சிக்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் துணி காயாமல் தவிக்கும் கிள்ளான் வாசிகளுக்கு நீராவியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நாம் உயிரோடிருப்பது இந்தத் தடுப்பால்தான். வானியலாளருக்கோ அதுவே திரை.

நமக்கு நெருக்கமான சான்று சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீனின் நிறை ஒரு வரம்பைத் தாண்டினால் அது நிலைத்து நிற்காது என்று கப்பலிலேயே கணக்கிட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்று ஏற்கப்பட்டுள்ள வரம்பு. அதைத் தாண்டினால் நியூட்ரான் விண்மீன், அதற்கும் மேலே போனால் கருந்துளை. கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு கொதித்து எக்ஸ் கதிரை உமிழும். தரையில் எவ்வளவு பெரிய ஆடியை வைத்தாலும் அது நமக்கு எட்டாது.

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் சுமந்து சென்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு நாசா ‘சந்திரா’ என்று அவர் பெயரையே வைத்தது. நேராக விழும் எக்ஸ் கதிர் ஆடியில் பட்டுத் திரும்பாது, உள்ளே புதைந்துவிடும். அதனால் சந்திராவின் ஆடிகள் பீப்பாய் வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. கதிர் அவற்றின் உட்பக்கத்தை உரசியபடி சறுக்கிக் குவிகிறது. 5 ஆண்டுகளுக்கென வடிவமைத்தது, கால் நூற்றாண்டு தாண்டி உழைத்துவிட்டது.

ஆனால் எல்லாத் தொலைநோக்கியும் மேலே போக வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காற்று நடுங்கவைக்கிறது. விண்மீன் மின்னுவது அதனால்தான். 1990இல் ஹபிள் மேலே போக அதுவும் ஒரு காரணம். இன்று தரையிலேயே, ஆடியை நொடிக்குப் பலநூறு முறை வளைத்து அந்த நடுக்கத்தைப் பெருமளவு சரிசெய்கிறார்கள். சிலியில் 39 மீட்டர் ஆடியோடு ஒரு தொலைநோக்கி எழும்பிக்கொண்டிருக்கிறது. விண்ணில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கோ ஆன செலவு ஏறத்தாழ 1,000 கோடி டாலர். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அதைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பவும் வழியில்லை. தரையில் பார்க்க முடிந்ததைத் தரையில் பார்ப்பதே அறிவு.

அந்தத் தரைவானத்தைத்தான் நாம் வீணடிக்கிறோம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே நேரத்தில் நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவருக்கு இது கிடைக்காது. நம் பிள்ளைகளோ இதைத் தேசியக் கோளரங்கத்தின் கூரைக்குள் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். மேகமும் புகைமூட்டமும் நம் கட்டுப்பாட்டில் இல்லை என்று சொல்லலாம். விளக்கு நம் கையில் இருக்கிறது. விளம்பரப் பலகைக்கு உரிமம் தரும் மாநகர் மன்றங்கள், நள்ளிரவுக்குப் பின் அணைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கட்டும். தெருவிளக்கை எல்இடிக்கு மாற்றும்போதே, மேல்நோக்கி ஒளி சிந்தாத மூடியையும் மஞ்சள் சாயல் விளக்கையும் கேட்டு வாங்கட்டும். நடந்துபோகிறவருக்கு வேண்டிய வெளிச்சம் அதனால் குறையப்போவதில்லை.